வேலூர் 1806: அந்த இரவைப் பிள்ளைகளுக்கு எப்படி எழுதுவது?

கேட்டவர் ஒரு பள்ளி ஆசிரியை. ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக, 1806 வேலூர்ப் புரட்சியை வைத்து ஒரு சிறு நாவல் எழுத நினைக்கிறார். இரண்டு பிள்ளைகளின் நட்பும் துணிச்சலும்தான் கதை. எங்கே தொடங்குவது, உண்மை எவ்வளவு, கற்பனை எவ்வளவு, இத்தனை சாவு விழுந்த இரவைச் சின்னப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்பவை அவர் கேள்விகள்.

கதாபாத்திரங்களுக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் ஒரு தாளில் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். இந்தச் சம்பவத்தில் அது சுலபம், ஏனென்றால் எல்லாமே அரை நாளுக்குள் முடிந்துவிட்டது. 1806 ஜூலை 9, புதன்கிழமை. மறுநாள் விடியற்காலையில் சிப்பாய்களுக்குக் கவாத்து இருந்தது. வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே பேட்டையில் குடும்பத்தோடு குடிசைகளில் இருந்தவர்கள், அன்றிரவு பெரும்பாலும் கோட்டைக்குள்ளேயே படுத்தார்கள். 10ஆம் தேதி வியாழக்கிழமை, இரவு இரண்டு மணிக்கு மேல் சுடத் தொடங்கினார்கள். விடியும்போது கோட்டை சிப்பாய்கள் கையில். மைசூர்க் கொடி ஏறியது. கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் ஆங்கிலேய மேஜர் ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். அங்கிருந்த குதிரைப்படையோடு அதன் தலைவர் கில்லஸ்பி ஒன்பது மணி வாக்கில் வந்து சேர்ந்தார். பின்னால் பீரங்கிகள் வந்தன. கதவு உடைந்தது. நண்பகலுக்குள் எல்லாம் முடிந்தது.

இந்த அட்டவணையில் உங்கள் கதைக்கான வாசல் முதல் வரியிலேயே இருக்கிறது. அன்றிரவு அப்பா வீட்டுக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டால் "நாளைக்குக் கவாத்து" என்று அம்மா சொல்கிறாள். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குப் போர் இப்படித்தான் வந்து சேரும். கவர்னர் பெண்டிங்க், தளபதி கிரடாக், அவர்கள் போட்ட உத்தரவு என்று முதல் அத்தியாயத்தை ஆரம்பித்தால் மூன்றாவது பக்கத்தில் புத்தகம் மூடப்படும்.

உத்தரவைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் வீட்டுக்குள் வைத்துச் சொல்லலாம். 1805 நவம்பரில் மதராஸ் படையில் வந்த விதிகள்படி, சீருடையில் இருக்கும்போது நெற்றிக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசை ஒரே அளவாக இருக்க வேண்டும். பிறகு தோல் வைத்த புதுத் தலைப்பாகை வந்தது. நெற்றிக் குறி இந்துக்களுக்கு, தாடி முஸ்லிம்களுக்கு, தோல் இருவருக்குமே. பிள்ளைக்கு இதில் எது தெரியும்? அப்பாவின் காது தெரியும். கடுக்கன் இல்லாத ஓட்டை தெரியும். திண்ணையில் வைத்த தலைப்பாகையை வீட்டில் ஒருவரும் எடுத்து உள்ளே வைக்காதது தெரியும். மே மாதத்தில் வேலூரிலேயே வேறொரு பட்டாளம் இந்தத் தலைப்பாகையை மறுத்தது. அதில் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் மதராஸில் கசையடி கொடுத்து வேலையை விட்டு அனுப்பினார்கள். பேட்டைப் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி கட்டாயம் எட்டியிருக்கும். கதையை அங்கிருந்து, மே மாதக் கடைசியிலிருந்து, தொடங்குவது நல்லது.

இனி இரண்டு பிள்ளைகள். இந்தக் கதையை எழுத முனைபவர்கள் சட்டென்று போய் நிற்கும் இடம், ஒரு சிப்பாய் மகனும் ஓர் ஆங்கிலேயச் சிறுவனும் நண்பர்கள் என்பது. கேட்க நன்றாக இருக்கும், எழுதும்போது நொண்டும். இருவருக்கும் பொதுமொழி கிடையாது, சேர்ந்து விளையாட இடம் கிடையாது. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு தற்செயலை உருவாக்க வேண்டியிருக்கும். கோட்டை நிலவரத்தைப் பார்த்தால் இதைவிட நல்ல ஜோடி தானாகவே கிடைக்கிறது. அங்கே இருந்த மூன்று சிப்பாய்ப் பட்டாளங்களில் ஒன்று 23ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளம். அதில் திருநெல்வேலிச் சீமை ஆட்கள் நிறைய. பாளையக்காரர் போர்கள் 1801இல் முடிந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது என்பதை நினைவில் வையுங்கள். இன்னொரு பக்கம், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்பு சுல்தானின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் வேலூர்க் கோட்டை மகால்களில்தான் காவலில் வைத்தார்கள். அவர்களோடு வந்த வேலையாட்களும், பின்னால் தேடி வந்த மைசூர்க் குடும்பங்களும் பேட்டையில் குடியேறினார்கள்.

ஆக, நெல்லைச் சிப்பாயின் மகன் ஒருவன். சுடலை என்று வைத்துக்கொள்வோம். மகால் சமையற்கட்டில் வேலை செய்யும் பெண்ணின் மகள் ஒருத்தி, ஹசீனா. மூன்று வயதில் மைசூரிலிருந்து வந்தவள், வீட்டில் தக்கினி உருது, தெருவில் தமிழ். இரண்டு பேருமே வேலூருக்கு வெளியூர்க்காரர்கள். அவன் பேச்சைக் கேட்டு உள்ளூர்ப் பிள்ளைகள் சிரிக்கும், அவள் பேச்சைக் கேட்டும் சிரிக்கும். நட்புக்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டாம்.

முடிச்சும் இங்கேயே இருக்கிறது. சதி ஆலோசனையில் மகால் ஆட்களுக்கும் சிப்பாய்களுக்கும் தொடர்பு இருந்தது. திப்புவின் மகள் ஒருத்தியின் கல்யாணத்தைச் சாக்கிட்டுத்தான் ஆட்கள் கூடினார்கள் என்று சொல்லப்படுகிறது. அவள் மகாலில் எதையோ கேட்கிறாள், அவன் வீட்டில் எதையோ கேட்கிறான். ஆளுக்குப் பாதி தெரியும். சொல்லிவிட்டால் அப்பா மாட்டுவார். சொல்லாவிட்டால் நண்பனிடம் மறைத்ததாகும். முஸ்தபா பேக் என்ற சிப்பாய் ஜூன் மாதமே மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். விசாரித்த இந்திய அதிகாரிகளான சுபேதார்கள், ஜமேதார்கள் அவரைப் பைத்தியக்காரன் என்று சொல்லிவிட, அவரையே காவலில் போட்டார்கள். புரட்சிக்குப் பிறகு அவருக்கு 2,000 வராகன், அதாவது அந்தக் காலத்துப் பொன் நாணயம், வெகுமதி கிடைத்தது. இந்த ஒருவரைப் பற்றியே பிள்ளைகள் ஒரு வகுப்பு முழுக்க வாதாடுவார்கள். அவர் செய்தது சரியா தப்பா என்று நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டாம். சுடலையின் வீட்டில் அவர் பெயர் எந்தக் குரலில் சொல்லப்பட்டது என்பதைக் காட்டுங்கள், போதும்.

துணிச்சல் என்று வரும்போதுதான் பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகள் கவிழ்கின்றன. பிள்ளை துப்பாக்கியைத் தூக்கும், அகழியை நீந்திக் கடக்கும், ஆற்காட்டுக்கு ஓடிச் செய்தி சொல்லும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அந்தக் காலத்து மஸ்கட் சுமார் நாலரை அடி நீளம், நாலரைக் கிலோ எடை. பத்து வயதுப் பையனும் ஏறக்குறைய அதே உயரம்தான். அதை நீட்டிப் பிடித்து இரண்டு நிமிடம் நிற்க முடியாது. சுடுவது வேறு சங்கதி. தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கிழித்து, கொஞ்சம் மருந்தைக் கிண்ணியில் போட்டு, மீதியைக் குழாயில் கொட்டி, குண்டை இறக்கி, கம்பியால் இடித்து, சக்கிமுக்கிக் கல் பொறிதட்டி வெடிக்க வேண்டும். பழகிய ஆளுக்கே பதினைந்து இருபது விநாடி. ஆகவே "சரமாரியாகச் சுட்டான்" என்ற சொற்றொடரை எங்கே கண்டாலும் அடித்துவிடுங்கள்.

அகழி கோட்டையைச் சுற்றி வரும். உள்ளே முதலை விட்டிருந்ததாக ஊரில் சொல்வார்கள். முதலையை விடுங்கள், மேலே மதிலில் காவல் நிற்கும்போது கீழே நீந்துகிறவன் சத்தம் கேட்காமல் இருக்காது.

ஆற்காட்டுக்கு ஓடுவதில் தூரம் ஒரு சிக்கல். 16 மைல், அதாவது 25 கிலோமீட்டருக்கு மேல். குதிரைப்படை இரண்டு மணி நேரத்தில் வந்தது. பிள்ளை நடந்தால் ஆறு மணி நேரம். அதைவிடப் பெரிய சிக்கல் கதைக்குள் இருக்கிறது. அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தால் வருவது யார்? சுடலையின் அப்பாவைக் கொல்லக்கூடிய படை. இதை யோசிக்காமல் "வீரச் சிறுவன் செய்தி கொண்டு ஓடினான்" என்று எழுதியவர் தன்னை அறியாமலே கதையை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டிருப்பார். படிக்கிற பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும்.

பத்து வயது செய்யக்கூடியது என்ன? நண்பகலுக்குப் பிறகு வீடு வீடாகத் தேடல் நடக்கும்போது, நண்பியின் தம்பியைத் தன் தம்பி என்று சொல்வது. காயத்தோடு ஓடி வந்தவருக்கு மாட்டுக் கொட்டிலில் தண்ணீர் வைப்பது. யார் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று கேட்கும் ஆளிடம் வாயைத் திறக்காமல் நிற்பது. அவமானத்துக்குப் பயந்து எல்லாரும் ஒதுக்கிய வீட்டுக்குக் கூழ் கொண்டு போவது. இவை சின்னச் செயல்கள், ஆனால் மாட்டினால் என்ன ஆகும் என்பது பிள்ளைக்கே தெரியும்படி எழுதினால் படிக்கிறவருக்கு மூச்சடைக்கும். ஆபத்தின் அளவை முன்கூட்டியே ஒரு தடவை காட்டிவிட வேண்டும் என்பதுதான் இதில் நுட்பம். உதாரணமாக, ஒளித்து வைத்த வேறொரு வீட்டாருக்கு என்ன நடந்தது என்பதைச் சுடலை முதலில் பார்க்கட்டும், பிறகு அவன் முறை வரட்டும்.

பிள்ளைகளைச் சண்டை நடக்கும் இடத்தில் வைக்காமல், சண்டையைப் பார்க்க வைப்பதற்கு வேலூரில் இயற்கையாகவே ஓர் ஏற்பாடு உண்டு. ஊருக்குக் கிழக்கே மலைகள், மேலே பழைய மலைக்கோட்டைகள். ஆடு மேய்க்கிற சாக்கில் பாதி மலை ஏறிவிட்டால் கோட்டை முழுக்கக் கீழே தெரியும். ஆட்கள் எறும்பளவு. மதிலில் புகை தெரிந்து, ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் மூன்று விநாடி கழித்துத்தான் சத்தம் வரும். இந்த மூன்று விநாடி ஒரு பெரிய வரம். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று ஹசீனா எண்ணட்டும். சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து வருவதால் கோட்டை மேல் வெயில் படும்போதும் பிள்ளைகள் நிழலில்தான் இருப்பார்கள், கீழே இருப்பவர் கண்ணுக்கும் படமாட்டார்கள். கொடி ஏறுவதை அங்கிருந்து பாருங்கள். புலிவரிக் கொடியைப் பார்த்து ஹசீனாவுக்கு ஊர் ஞாபகம் வரும். சுடலைக்கு அது யார் கொடி என்றே தெரியாது. ஒரே கொடி, இரண்டு முகம்.

இரவை எழுதுவதற்கு முன் நிலாவைக் கணக்குப் பண்ணுங்கள். 1806 ஜூன் 16 அன்று ஒரு முழு சூரிய கிரகணம் நடந்தது. அன்று அமாவாசை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அங்கிருந்து எண்ணினால் ஜூலை 10 தேய்பிறை அஷ்டமி, நவமி வாக்கில் வரும். நிலா பாதிக்கும் குறைவு, நள்ளிரவு தாண்டித்தான் கிழக்கே எழும். ஆகவே "முழு நிலவொளியில் வாள்கள் மின்னின" என்பது தப்பு, "கும்மிருட்டு" என்பதும் தப்பு. சுடத் தொடங்கிய நேரத்தில் மலைமேட்டில் தேய்ந்த நிலா அப்போதுதான் தலைகாட்டியிருக்கும். தமிழ்க் கணக்கில் அட்சய வருஷம், ஆனி மாதக் கடைசி. பாத்திரங்கள் "ஜூலை" என்றோ "இரண்டு மணி" என்றோ பேசக் கூடாது, மூன்றாம் ஜாமம் என்பார்கள். கோட்டையில் மணி அடிப்பது கேட்கும் என்பதால் ஆங்கிலேய நேரத்தை அந்தச் சத்தத்தில் கொண்டு வரலாம்.

அந்த இரவின் முதல் வெடியை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக இப்படி எழுதுவார்கள்:

"நள்ளிரவில் பயங்கரச் சத்தம் கேட்டுச் சுடலை திடுக்கிட்டு எழுந்தான். கோட்டையில் வீரப்போர் தொடங்கிவிட்டது! 'அம்மா, இனி நம் நாடு விடுதலை பெறும்!' என்று கூவினான்."

இதில் பையன் இல்லை, மேடைப் பேச்சாளர் இருக்கிறார். 1806இல் ஒரு சிப்பாய் மகன் வாயில் "நம் நாடு விடுதலை" வராது. அவனுக்குத் தெரிந்தவை பட்டாளம், தலைப்பாகை, சம்பளம், சாமி, அப்பாவின் கோபம். இன்னொரு விதமாகப் பார்க்கலாம்:

"நாய்கள்தான் முதலில் எழுந்தன. அப்புறம் ஒரு வெடி. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் சேர்ந்தாற்போல் நிறைய. சுடலை கண்ணைத் திறந்தபோது ஆத்தா உட்கார்ந்திருந்தாள். விளக்கு ஏற்றவில்லை. 'இடியா ஆத்தா?' ஆத்தா பதில் சொல்லவில்லை. ஐயா வரமாட்டார் என்று தெரிந்தும் அவருக்கு விரித்து வைத்திருந்த பாயை எடுத்துச் சுருட்டினாள். மூலையில் நிறுத்தினாள். பிறகு மறுபடியும் எடுத்து விரித்தாள்."

இங்கே சண்டையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. "பயம்" என்ற சொல்லும் இல்லை. பெரியவர் ஒருவர் தேவையில்லாத வேலையை இரண்டு தடவை செய்கிறார். பயத்தைப் பிள்ளைகள் அதிலிருந்து படித்துக்கொள்வார்கள். வாக்கியங்களும் குட்டை. ஆத்தாவுக்கு முன்கூட்டியே தெரியுமா என்ற சந்தேகம் படிக்கிறவர் மனதில் விழுகிறது. அடுத்த அத்தியாயத்துக்கு அது போதும்.

இப்போது இருக்கிற கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். உள்ளே இருக்கும் செயிண்ட் ஜான் தேவாலயம் 1846இல் கட்டியது, அதன் மணி உங்கள் கதையில் அடிக்கக் கூடாது. கண்டி மகால் என்ற பெயரும் ஆகாது. கண்டியின் கடைசி அரசர் இங்கே கொண்டுவரப்பட்டதே 1816இல்தான். ஜலகண்டேஸ்வரர் கோயில் இருந்தது, பூஜை இல்லை. ஆங்கிலேயர் அதை ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள், லிங்கம் மறுபடி வந்தது 1981இல். கோயில் தீபாராதனைக் காட்சியை எழுதி முடித்துவிட்டு இதைத் தெரிந்துகொண்டால் ஓர் அத்தியாயமே போகும். உள்ளே போகும் வழியும் இன்றைக்கு இருப்பதுபோல நேர் சாலை அல்ல. வளைந்த பாதை, தூக்குப் பாலம், ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள். கில்லஸ்பி பீரங்கிக்காகக் காத்திருக்க வேண்டி வந்ததற்கு அந்தக் கதவுகள்தான் காரணம்.

வெளியிலும் கவனம். பாலாற்றங்கரையில் இன்று அடர்ந்து நிற்கும் சீமைக் கருவேல முள் அன்றைக்குக் கிடையாது. வேர்க்கடலைக் கொல்லை கிடையாது, அது இந்தப் பக்கம் பெரிய வெள்ளாமையானது 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில். தீக்குச்சி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. விளக்குக்கு ஆமணக்கெண்ணெயோ இலுப்பெண்ணெயோ. ரயில் 1856இல்தான் இந்தப் பக்கம் வந்தது. மதராஸ் மாகாணத்தில் ரூபாய்க் கணக்கு நிலைத்தது 1818இல், அதற்கு முன் வராகனும் பணமும் காசும். ஆம்பூர் பிரியாணியை எங்காவது நுழைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். சிப்பாய் வீட்டில் கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், கொள்ளு, மோர். ஆனிக் கடைசி என்பதால் மாம்பழம் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். பாலாற்றில் பெரும்பாலும் மணல்தான், ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பார்கள். குதிரைப்படைப் பாளையம் இருந்த ராணிப்பேட்டை ஆற்றுக்கு வடகரை, வேலூர் தென்கரை. ஆகவே கில்லஸ்பியின் குதிரைகள் அந்த மணலைக் கடந்துதான் வந்திருக்க வேண்டும். ஊற்றில் தண்ணீர் எடுக்கப் போன பிள்ளையின் காலடியில் மணல் அதிர்வதை எழுதலாம்.

சாவுக்கு வருவோம். உண்மைக் கணக்கு கடுமையானது. கோட்டையில் இருந்த ஆங்கிலேயப் படை 69ஆம் ரெஜிமெண்டின் நான்கு கம்பெனிகள், 370 பேர் அளவில். சிப்பாய்கள் 1,500 பேர் வாக்கில். கோட்டைத் தளபதி கர்னல் ஃபான்கோர்ட் உட்பட ஆங்கிலேய அதிகாரிகள் பதினான்கு பேரும், நூற்றுக்கு மேற்பட்ட வீரர்களும் செத்தார்கள். பலர் தூக்கத்தில், சிலர் மருத்துவமனைப் படுக்கையில். திருப்பி அடித்தபோது சிப்பாய்கள் பல நூறு பேர் கொல்லப்பட்டார்கள், எண்ணிக்கையைக் குறைந்தது 350 என்றும் அதற்கு இரட்டிப்பு என்றும் வெவ்வேறாகச் சொல்வார்கள். மகாலுக்குள் ஒளிந்த நூறு பேர் அளவில் வெளியே இழுத்துவரப்பட்டுச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். பிறகு விசாரணை நடத்திச் சிலரைத் தூக்கிலிட்டார்கள், சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

இதில் ஒரு பாதியை மட்டும் சொல்வது பெரிய தப்பு. மருத்துவமனையை மறைத்துவிட்டுச் சுவரை மட்டும் எழுதினால், அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பில் மீதியைப் படிக்கும்போது உங்கள் புத்தகத்தை நம்பாமல் போகும். இரண்டையும் சொல்லுங்கள். எதையும் நேரடியாகக் காட்டாதீர்கள். கொல்லும் கணத்தில் பிள்ளையின் கண் அங்கே இருக்கக் கூடாது. அதற்கு முன்னும் பின்னும் இருக்கலாம். அன்று மதியம் பேட்டைக்குள் சொந்தக்காரன் இல்லாமல் அலையும் குதிரை, சலவைக்கு வந்து திரும்ப வாங்க ஆள் வராத வெள்ளைச் சட்டைகள், பெயர்ப் பட்டியலை யாரோ வாசிக்க வாசல்களில் நிற்கும் பெண்கள். ஃபான்கோர்ட்டின் மனைவி இரண்டு குழந்தைகளோடு ஒளிந்திருந்து தப்பினார். எதிர்ப்பக்கத்திலும் ஓர் அம்மா குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள் என்பதைச் சொல்ல இந்த ஒரு செய்தி போதும், அதற்காக ஆங்கிலேயச் சிறுவனைக் கற்பனை செய்ய வேண்டாம். பீரங்கித் தண்டனையைக் கதைக்குள் கொண்டு வராமல் பின்னுரையில் ஒரு வாக்கியமாக விடலாம்.

சுடலையின் அப்பா என்ன ஆனார்? "தெரியவில்லை" என்று விடுவது இலக்கியமாகத் தோன்றும். ஒன்பது வயதுக்கு அது துரோகம். கடைசிக்கு முந்தைய அத்தியாயத்துக்குள் பதில் வந்துவிட வேண்டும். என் யோசனை: அவர் உயிரோடு இருக்கிறார், காவலில் இருந்துவிட்டு வேலை பறிபோய் வருகிறார். அப்படி நடந்தவர்கள் பலர். சிப்பாய்ப் பட்டாளங்கள் மூன்றையும் கலைத்துவிட்டார்கள். அவரும் பழைய ஆளாக இருக்கமாட்டார்.

இங்கேதான் நட்பின் அசல் சோதனை. கொடி ஏறியதோடு அல்லது கதவு உடைந்ததோடு கதையை முடித்துவிடுவது பழகிப்போன வழக்கம். பாதிக் கதை அதற்குப் பிறகுதான். திப்பு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். ஹசீனாவின் அம்மா கூடப் போவாளா, பேட்டையிலேயே தங்குவாளா? பட்டாளம் இல்லாத நெல்லைக்காரருக்கு வேலூரில் வேலை இல்லை. ஊருக்குத் திரும்ப வேண்டும், ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். மாட்டு வண்டி ஒரு நாளில் இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் போகும் என்றால் மூன்று வாரத்துக்கு மேல். அவர்களைப் பிரிப்பது சண்டையோ கோபமோ இல்லை, இந்த ஏற்பாடுகள். நடுவில் ஒரு மனக்கசப்பையும் வையுங்கள். "உங்க மகால்காரங்க சொல்லித்தானே எங்க ஐயா மாட்டினாரு" என்று சுடலை ஒரு தடவை சொல்லிவிடட்டும். பேட்டையில் பெரியவர்கள் பேசியதைத்தான் அவன் திருப்பிச் சொல்கிறான். மன்னிப்பைப் பேச்சில் கேட்க வைக்காதீர்கள், அவன் போய்ச் செய்கிற ஒரு வேலையில் கேட்க வையுங்கள்.

கில்லஸ்பி, ஃபான்கோர்ட், திப்புவின் மகன் ஃபதே ஹைதர் போன்ற உண்மை மனிதர்களுக்கு நீங்களாக வசனம் எழுதாமல் இருப்பது நல்லது. தூரத்திலிருந்து தெரியட்டும், அவர்களைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும். பிள்ளைகளின் பேச்சுக்கு வட்டார வாடை கொஞ்சம் போதும்: சுடலைக்கு "ஏலே", "ஆத்தா", "ஐயா", ஹசீனாவுக்கு "அம்மி" (அம்மா), "நக்கோ" (வேண்டாம்), உள்ளூர்ப் பையன்களுக்கு "இன்னா". ஆளுக்கு மூன்று நான்கு சொற்களைத் திரும்பத் திரும்ப வைத்தால் யார் பேசுகிறார்கள் என்று பெயர் போடாமலே தெரியும். அதற்கு மேல் போனால் மதுரைப் பிள்ளைக்கும் புரியாது, வேலூர்ப் பிள்ளைக்கும் புரியாது. "பிதாவே", "யாமறிவோம்" வகை நாடகத் தமிழ் அறவே வேண்டாம். பழைய காலம் என்பது படைப் பதவிகளிலும் நாணயங்களிலும் தெரிந்தால் போதும்.

அளவு: இந்த வயதுக்கு 12,000 முதல் 15,000 சொற்கள். ஆயிரம் சொல் வீதம் பதின்மூன்று பதினான்கு அத்தியாயம். ஐந்து முன்னால், நான்கு அந்த இரவுக்கும் காலைக்கும், மிச்சம் பின்னால். டெமி அளவில் 14 பாயிண்ட் எழுத்துக்குப் பக்கத்துக்கு 180, 190 சொல் பிடிக்கும். படங்களோடு 96 பக்கம், பதினாறு பக்கப் பாரம் ஆறு. ஒரு கோட்டை வரைபடம் கட்டாயம் வேண்டும், அகழி, கதவு, மகால், பேட்டை, மலை மட்டும் குறித்தது. சொற்களைக் கண்டபடி சேர்த்து எழுதாதீர்கள். "எழுந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" மாதிரி ஒரு சொல் வந்தால் நாலாம் வகுப்புப் பிள்ளையின் விரல் அங்கேயே நின்றுவிடும்.

1806 வேண்டாம், ரத்தம் அதிகம் என்று பதிப்பாளர் தயங்கினால் இதே ஊரில் 1942 இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், மார்ச்சில் ஜப்பானியரிடம் ரங்கூன் விழுந்தது, ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது, மதராஸிலிருந்து சனங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தார்கள். காட்பாடி ஸ்டேஷனில் மூட்டையோடு இறங்கும் பட்டணத்துப் பிள்ளை, பர்மாவிலிருந்து நடந்தே வந்து பேச்சே நின்றுபோன இன்னொரு பிள்ளை, சுதந்திரப் போராட்டக் கைதிகள் நிறைந்த வேலூர்ச் சிறை. சாவு தூரத்தில் இருக்கும், பயம் பக்கத்தில் இருக்கும்.

தகவலுக்குக் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகம், சென்னை எழும்பூரில் இருக்கும் ஆவணக் காப்பகம், 1881இல் வெளிவந்த வட ஆற்காடு மாவட்டக் கையேடு ஆகிய மூன்றும் முதல் பிரதிக்குப் போதும். கோட்டைக்குக் கிழக்கே இருக்கும் திப்பு குடும்பத்துக் கல்லறைகளையும் போய்ப் பாருங்கள். ஹைதர் அலியின் மனைவி பக்ஷி பேகம் காலமானதும் அதே 1806இல்தான். ஹசீனாவின் அம்மா வேலை பார்க்கும் வீட்டில் அந்த வருஷம் இன்னொரு துக்கமும் இருந்தது என்பது உங்கள் அத்தியாயங்களில் ஒன்றை மாற்றக்கூடும்.

பிரதி முடிந்ததும் நாலைந்து பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "பிடித்திருக்கிறதா" என்று கேட்காதீர்கள், பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "அடுத்து என்ன நடக்கும்?" என்று நடுவில் நிறுத்திக் கேளுங்கள். எல்லோரும் ஒரே பதில் சொன்னால் அந்த இடம் சப்பென்று இருக்கிறது. ஒருவருமே பதில் சொல்லாவிட்டால் குழப்பமாக இருக்கிறது. எந்தப் பக்கத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்கள் என்பதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள், அநேகமாக அங்கே உத்தரவு, ரெஜிமெண்ட், வருஷம் என்று நீங்கள் விளக்கிக்கொண்டிருப்பீர்கள். அந்த விளக்கத்தையெல்லாம் பின்னுரைக்குக் கொண்டு போங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். யார் உண்மை மனிதர், யார் கற்பனை, எந்த நேரம் பதிவில் இருப்பது, எது நீங்கள் ஊகித்தது என்று அதில் தனித்தனியாகச் சொல்லுங்கள். சுடலையும் ஹசீனாவும் இல்லாதவர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அவர்கள் வீடு எது என்று கேட்டுக்கொண்டு பிள்ளைகள் பேட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள்.